பாட்டு, படம் ரெண்டுக்கும் ஒரே ரிசீவர், எது வாங்கலாம்ங்க? கொஞ்சம் அவசரம்

ஈரோட்டுப்பையன்
வணக்கம்ங்க. வீட்டுக்கு ஏவி ரிசீவர் (டிவி, ப்ளேயர் சத்தத்த வாங்கி எல்லா ஸ்பீக்கருக்கும் பிரிச்சுக் குடுக்கற ஆம்ப்ளிஃபயர்) ஒன்னு எடுக்கோணும். பாட்டும் கேக்கோணும் படமும் பாக்கோணும், ரெண்டுமே நல்லா இருக்கோணும். ரெண்டு மூணு கடை ஏறி எறங்கியாச்சு, ஒருத்தர் 7.2க்கு (ஏழு ஸ்பீக்கர், ரெண்டு சப்வூஃபர்) கம்மியா எடுத்தா வேஸ்ட்டுங்கறார், இன்னொருத்தர் பாட்டுக்கு ரிசீவரே ஆகாதுங்கறார், யூடியூப் பாத்தா இருக்கற புத்தியும் போயிருது. ஸ்பீக்கர் எல்லாம் இருக்குதுங்க. பட்ஜெட் நார்மல் தான். ஞாயித்துக்கெழமையோட ஆஃபர் முடியுது, மாடல் பேரு மட்டும் சொன்னாப் போதும்ங்க.

வெங்காயபஜ்ஜி
நார்மல்னா எவ்ளோ ப்ரோ? எனக்கு நார்மல் 15 ஆயிரம், இங்க சில பேருக்கு நார்மல் 3 லட்சம். ஸ்பீக்கர் "எல்லாம்"னா எத்தன, என்ன மாடல், எத்தன ஓம்? ஹால் சைஸ்? டிவில ஏஆர்சி (டிவி சத்தத்த ஹெச்டிஎம்ஐ வழியா ரிசீவருக்கு அனுப்பற வசதி) இருக்கா? பேஸுக்குத் தனியா சப்வூஃபர் இருக்கா? பாட்டு எதுல இருந்து போடுவீங்க, ஃபோனா பென்டிரைவா சிடியா?

ரெண்டுசேனல்
அந்த ரெண்டாவது கடைக்காரர் சொன்னது தான் சத்தியம் நண்பா. பாட்டுன்னா ரெண்டே சேனல் உள்ள ஸ்டீரியோ இன்டகிரேட்டட் ஆம்ப்ளிஃபயர், வேற பேச்சே இல்ல. ஒரே டப்பாக்குள்ள வீடியோ சர்க்யூட், வைஃபை, ப்ளூடூத், ஏழு ஆம்ப்ளிஃபயர் எல்லாத்தையும் திணிச்சு அதே காசுக்கு விக்கறான்னா பவர் சப்ளைல கைய வெக்காம எப்படி முடியும்? படத்துக்கு ஒரு சவுண்ட்பார் வெச்சுக்கோங்க, பாட்டுக்கு நல்ல ஸ்டீரியோ ஆம்ப் எடுங்க, நிம்மதியா இருப்பீங்க.

ஒலிப்பித்தன்
இதே கேள்விக்கு இங்க எத்தன இழை இருக்குன்னு ஒரு தடவ தேடிப் பாத்திருந்தா இந்தப் பதிவே தேவப்பட்டிருக்காது. "மாடல் பேரு மட்டும் சொல்லுங்க"ன்னு வர்றவங்களுக்கு நான் பதில் சொல்றத நிறுத்திட்டேன். முதல்ல சென்சிடிவிட்டின்னா என்ன, இம்பீடன்ஸ்னா என்ன, பேஸ் மேனேஜ்மென்ட்னா என்னன்னு படிச்சிட்டு வாங்க தம்பி. அதுக்கப்புறம் பேசுவோம்.

வெங்காயபஜ்ஜி
நிறுத்திட்டேன்னு சொல்லிட்டு நாலு வரி எழுதிட்டீங்களே சார்

டல்லாஸ்தமிழன்
Sale நேரத்துல இங்க அமெரிக்கால நல்ல ரிசீவர் எல்லாம் பாதி விலைக்கு கிடைக்குதுங்க. யாராவது சொந்தக்காரங்க வந்தா சொல்லி விடுங்க, பெட்டில போட்டு எடுத்துட்டு வந்துருவாங்க. நான் என் தம்பிக்கு அப்படித்தான் அனுப்பினேன்.

கேஆர்எஸ்
அமெரிக்க மாடல் 120 வோல்ட். நம்ம ஊர்ல 230. நேரா சொருகினா அன்னிக்கே முடிஞ்சது கதை. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தனியா வாங்கணும், அதுவும் ரிசீவர் இழுக்கிற பவருக்கு ரெண்டு மடங்கு தாங்கறதா இருக்கணும், அது ஒரு ஓரமா உம்முனு உறுமிக்கிட்டே இருக்கும். இந்தியா வாரன்டியும் கிடைக்காது. 12 கிலோ டப்பாவை சூட்கேஸ்ல வைக்கறதுக்கு இங்கயே பில்லோட வாங்கறது மேல்.

டல்லாஸ்தமிழன்
தம்பி வீட்ல ரெண்டு வருஷமா டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓடிட்டு தான் இருக்கு சார். சரி விடுங்க.

சால்டரிங்மன்னன்
ண்ணே கம்பெனி ரிசீவரே வேணாம். 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், நல்ல டிகோடர் போர்டு, சேனலுக்கு ஒரு போர்டுன்னு போட்டு அசெம்பிள் பண்ணிக்கோங்க. 10 ஆயிரத்துக்குள்ள 5.1 ரெடி. என் செட்ல சத்தம் வெச்சா தெருமுனை டீக்கடைல பாட்டு கேக்கும். சேனலுக்கு 200 வாட் அடிக்கும்ணே, கம்பெனிக்காரன் 70 வாட்டுனு போட்டுட்டு 40 ஆயிரம் கேக்கறான்.

ஈரோட்டுப்பையன்
இத்தன பேர் பதில் போட்டதுக்கு நன்றிங்க. ஹால் 12க்கு 18. டிவி 55 இன்ச்சுங்க. ஸ்பீக்கர் பெருசுங்க, மாமா குடுத்தது. பட்ஜெட் 70 ஆயிரம் வரைக்கும் போகலாம்.

வெங்காயபஜ்ஜி
பெருசுன்னா எத்தன பெருசு ப்ரோ. ரெண்டா அஞ்சா. பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஓம், வாட், டெசிபல்னு மூணு எண் போட்டிருக்கும், அத அப்படியே எழுதுங்க. 70 ஆயிரம் ரிசீவருக்கு மட்டுமா எல்லாத்துக்கும் சேத்தா?

கேஆர்எஸ்
சால்டரிங்மன்னன் தம்பிக்கு ஒரு கேள்வி. 200 வாட் போர்டுன்னு சொன்னீங்களே, அதுல எந்த ஐசி? 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் எத்தன ஆம்பியர்?

சால்டரிங்மன்னன்
4440 தான் சார், டபுள் ஐசி. 5 ஆம்ப்ஸ்.

கேஆர்எஸ்
சான்யோ டேட்டாஷீட்ல 4440க்கு போட்டிருக்கிறது 13.2 வோல்ட்ல சேனலுக்கு 6 வாட். ரெண்டு சேனலையும் ஒன்னா சேத்து பிரிட்ஜ் பண்ணினா 19 வாட். அதுவும் 10 சதவீதம் டிஸ்டார்ஷன்ல (ஒலி சிதைவுல). உங்க டிரான்ஸ்ஃபார்மர் 12ஐ 5ஆல பெருக்கினா 60 வாட், அது மொத்த செட்டுக்கும். 60 வாட் உள்ள போய் அஞ்சு சேனல்ல 200 வாட் எப்படி வெளிய வரும்னு யோசிச்சுப் பாருங்க. கார் ஸ்டீரியோவுக்காக வந்த ஐசி அது, அந்த வேலைக்கு அருமையான ஐசி, அதுல குறை சொல்லல.

சால்டரிங்மன்னன்
சார் பேப்பர்ல என்னவோ போட்டிருக்கட்டும், காதுல கேட்டா தெரியும்ல

மைக்டெஸ்டிங்
அண்ணே நான் மதுரைல சவுண்ட் சர்வீஸ் வெச்சிருக்கேன். தெருமுனைல கேக்குதுன்னா அது ஆம்ப்ளிஃபயரோட பவர் இல்லண்ணே, பாக்ஸோட சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு எத்தன டெசிபல் சத்தம் வருதுங்கறது. நாங்க திருவிழாவுக்குப் போடற பாக்ஸ் 98, 100 டெசிபல் வரும், அதுக்கு ஒரு வாட் குடுத்தாலே பக்கத்துல பேசறது கேக்காது. வீட்டு ஸ்பீக்கர் 86 இருக்கும். 100க்கும் 86க்கும் உள்ள 14 டெசிபல் இடைவெளிய ஆம்ப்ளிஃபயர்ல ஈடு கட்டணும்னா 25 மடங்கு பவர் வேணும். இது தெரியாம தான் நம்ம பயலுக வாட்டுக்கு வாட்டு சண்ட போடறாய்ங்க.

ஒலிப்பித்தன்
வாட் பேச்சு வந்துட்டதால சொல்றேன், கம்பெனிக்காரன் மட்டும் என்ன யோக்கியம். பெட்டில 150 வாட், ஏழு சேனல்னு போட்டிருப்பான். சின்ன எழுத்துல பாத்தா 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், ஒரு சேனல் மட்டும் ஓடுறப்ப, 10 சதவீத டிஸ்டார்ஷன். நேர்மையா போடறவன் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும், ரெண்டு சேனல், 0.08 சதவீதம்னு போடுவான், அந்த எண்ண மட்டும் பாருங்க. டெனான் எக்ஸ்2800எச் அந்தக் கணக்குல 95 வாட். இதெல்லாம் எவ்ளோ கரன்ட் இழுக்கும்னு போட்டிருக்கற பவர் பிளேட்டப் பாத்தாலே புரியும், பின்னாடி 500 வாட்டுனு போட்டுட்டு முன்னாடி 1000 வாட்டுனு விக்கறான். 500க்கு மேல ஒரு வாட் கூட அதுக்குள்ள இருந்து வராது.

கேஆர்எஸ்
முதல் பாதி சரி. பவர் பிளேட் விஷயம் மட்டும் அப்படி இல்ல சார். அந்த எண் அதிகபட்சம் இல்ல. பாதுகாப்பு ஸ்டாண்டர்டுப்படி முழு பவர்ல எட்டுல ஒரு பங்குல ஓட விட்டு அளக்கிறது. பாட்டு சராசரியா அவ்வளவு தான் இழுக்கும்னு கணக்கு. உச்சத்துல ஒரு நொடி அதுக்கு மேலயும் போகும், கெபாசிட்டர் குடுக்கும். ஆனா ஏழு சேனலும் ஒரே நேரத்துல முழு பவர்ல தொடர்ந்து ஓடாதுங்கறது உண்மை.

ஒலிப்பித்தன்
நான் இருபது வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கேன். ஸ்டாண்டர்டு எல்லாம் எனக்கும் தெரியும்.

வெங்காயபஜ்ஜி
இழை ஆரம்பிச்சவர் எங்க

ரெண்டுசேனல்
வாட்டெல்லாம் விடுங்க. பாட்டுக்கு வாட் முக்கியமில்ல, தன்மை தான் முக்கியம். ராஜா சார் பாட்ட ஒரு ரிசீவர்லயும் ஒரு நல்ல ஸ்டீரியோ ஆம்ப்லயும் போட்டுக் கேளுங்க, புல்லாங்குழல் எங்க நிக்குதுன்னு கைய நீட்டித் தொடலாம். ரிசீவர்ல அது தட்டையா சுவத்துல ஒட்டின மாதிரி இருக்கும்.

நெய்வேலிக்காரன்
ரெண்டு ஆம்பையும் ஒரே சத்தத்துக்கு மீட்டர் வெச்சு சரி பண்ணிட்டுக் கேட்டீங்களா? ஒரு டெசிபல் கூட இருந்தாலும் அது தான் "உயிரோட" இருக்கற மாதிரி தெரியும். எங்க வீட்ல கண்ண மூடி மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தோம், சத்தம் சமமா இருந்தா எங்க யாருக்கும் வித்தியாசம் பிடிபடல. அதே ஸ்பீக்கர சுவத்துல இருந்து ஒரு அடி முன்னாடி இழுத்து வெச்சப்ப சமையல்கட்டுல இருந்த அம்மாவே "என்னடா மாத்தின"ன்னு கேட்டாங்க. காச ரூம்ல போடுங்க. டைல்ஸ் தரை, வெத்துச் சுவரு, கண்ணாடி ஜன்னல், இதுல எந்த ஆம்ப் வெச்சாலும் கிணத்துக்குள்ள பேசற மாதிரி தான். ஈரோட்டுல இருக்கீங்க, பவானி ஜமக்காளம் ரெண்டு வாங்கி ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவுல விரிங்க, ஜன்னலுக்கு கனமான திரை போடுங்க, மிச்சத்த அப்புறம் பாக்கலாம்.

ரெண்டுசேனல்
காது பழகினவங்களுக்குத் தான் தெரியும்

நெய்வேலிக்காரன்
இந்த பதில எதிர்பாத்தேன்

சால்டரிங்மன்னன்
ஜமக்காளம் போட்டா பேஸ் குறையும்ல?

நெய்வேலிக்காரன்
குறையாது. ஜமக்காளம் உறிஞ்சுறது மேல இருக்கற ஃப்ரீக்குவன்சிய. பேஸ் அதக் கண்டுக்காது. பேஸுக்கு சப்வூஃபர் எந்த மூலைல வெக்கறோம், நாம எங்க உக்காரறோம்ங்கறது தான்.

ஈரோட்டுப்பையன்
நேத்து வேலைங்க, பாக்க முடியல. ஸ்பீக்கர் ரெண்டு தான், ஆளு ஒசரத்துக்கு முக்கால்வாசி வரும். ஸ்டிக்கர்ல 8 ஓம், 90 டெசிபல்னு போட்டிருக்குது. சப்வூஃபர் இல்லைங்க. டிவில ஹெச்டிஎம்ஐ பக்கத்துல ஏஆர்சின்னு எழுதியிருக்குது, இஏஆர்சின்னு இல்ல. 70 ஆயிரம் எல்லாத்துக்கும் சேத்துங்க. பாட்டு இப்பக்கி மாமாவோட சோனோடைன் ஆம்ப்ளிஃபயர்ல தான் கேக்கறோம், அது நல்லாத் தான் இருக்குது, படத்துக்குத் தான் ரிசீவர் வேணும்னு பாக்கறேன்.

வெங்காயபஜ்ஜி
ப்ரோஓஓ இத முதல்லயே சொல்லியிருந்தா இந்த இழை பாதில முடிஞ்சிருக்கும்

ரெண்டுசேனல்
ஆக அவர் கிட்ட ஏற்கனவே ஸ்டீரியோ ஆம்ப் இருக்கு. நான் முதல் நாளே என்ன சொன்னேன்.

ஒலிப்பித்தன்
இப்ப தான் கேள்வியே முழுசா வந்திருக்கு. ஃப்ரன்ட் ப்ரீ-அவுட் (முன் ஸ்பீக்கர் ரெண்டோட சிக்னல வேற ஆம்புக்குக் குடுக்கற சாக்கெட்) இருக்கற ரிசீவர் எடுங்க. டெனான் எக்ஸ்3800எச்ல எல்லா சேனலுக்கும் ப்ரீ-அவுட் இருக்கு, ரூமுக்கு ஏத்தபடி ஒலிய சரி பண்ற ஆடிசி எக்ஸ்டி32 இருக்கு, காசு கட்டினா அதே வேலைக்கு டிராக் லைவும் ஏத்திக்கலாம். ரிசீவரோட ஃப்ரன்ட் ப்ரீ-அவுட்ட சோனோடைன் ஆக்ஸ்ல குடுங்க. படத்துக்கு ரிசீவர் ஃப்ரன்ட் ரெண்டையும் மாமா ஆம்ப் வழியா ஓட்டும், பாட்டுக்கு ரிசீவர ஆன் பண்ணவே வேணாம்.

கேஆர்எஸ்
யோசனை சரி, ஒன்னு சேத்துக்கணும். ஆக்ஸ்ல குடுக்கறப்ப அந்த ஆம்ப்போட வால்யூம் எங்க இருந்துச்சோ படத்துக்கு எப்பவும் அங்கயே இருக்கணும். ஒரு பேனா கோடு போட்டுட்டு, அந்தக் கோட்டுல வெச்சுத் தான் ரிசீவரோட மைக் செட்டப் ஓட்டணும். இல்லைனா ஒரு நாள் வசனம் கேக்காது, ஒரு நாள் அடி வயிறு கலங்கும்.

ஆனா அந்த மாடல் இவரோட 70 ஆயிரத்துக்குள்ள வராது. அதுலயே சென்டர் (வசனத்துக்கு நடு ஸ்பீக்கர்), ரெண்டு சர்ரவுண்ட் (பக்கவாட்டு ஸ்பீக்கர்), சப்வூஃபர் எல்லாம் வாங்கணும். மிச்சம் ரிசீவருக்கு 35ல இருந்து 40 வரைக்கும் தான் இருக்கும். அந்த விலையில வர்ற 5.1 ரிசீவர்கள்ல பெரும்பாலும் சப்வூஃபர் அவுட் தவிர வேற ப்ரீ-அவுட் இருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி பின்பக்க ஃபோட்டோவ பெருசு பண்ணிப் பாருங்க.

ஒலிப்பித்தன்
பட்ஜெட்ட ஏத்தச் சொல்லுங்க. அரைகுறையா வாங்கி ரெண்டு வருஷத்துல மறுபடி வந்து கேக்கறதுக்கு

நெய்வேலிக்காரன்
70 வாட் போதும் சார் அவருக்கு. 90 டெசிபல் ஸ்பீக்கர், பத்து அடி தள்ளி உக்காந்தா ரெண்டு ஸ்பீக்கருக்கும் தலா ஒரு வாட்லயே 80க்கு மேல வந்துரும். 64 வாட் குடுத்தா இன்னும் 18 டெசிபல் ஏறும், 100 தாண்டிரும். அதுக்கு மேல வெச்சா பக்கத்து வீட்டுக்காரர் கதவத் தட்டுவாரு. 70க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் ஒன்னரை டெசிபல் கூட இல்ல.

சால்டரிங்மன்னன்
ப்ரீ-அவுட் எதுக்குண்ணே. ஒரு ஸ்விட்ச் பாக்ஸ் போட்டா முடிஞ்சது. ஸ்பீக்கர் நடுவுல, ஒரு பக்கம் ரிசீவர், இன்னொரு பக்கம் மாமா ஆம்ப். தட்டினா படம், தட்டினா பாட்டு. 4 போல் 2 வே ரோட்டரி 60 ரூவா.

கேஆர்எஸ்
இது தான் இந்த இழைல வந்த உருப்படியான யோசனை. ஆனா அந்த 60 ரூபா ரோட்டரி வேண்டாம். அது சிக்னல் மாத்தறதுக்கு, ஒரு ஆம்பியர் கூட தாங்காது. 8 ஓம்ல 60 வாட்னாலே 2.7 ஆம்பியர் ஓடும். நடுவுல ஆஃப் உள்ள டபுள் போல் டாகிள் ஸ்விட்ச், 10 ஆம்பியர், இடதுக்கு ஒன்னு வலதுக்கு ஒன்னு. பிளஸ் மைனஸ் ரெண்டு கம்பியும் மாறணும், மைனஸ எல்லாத்தையும் ஒன்னா முறுக்கி விட்டுடாதீங்க, சில ஆம்ப்ல மைனஸும் தரையோட சேந்தது இல்ல. எந்த நேரத்துலயும் ரெண்டு ஆம்ப்போட அவுட்புட்டும் ஒன்னுக்கொன்னு தொடக்கூடாது. தொட்டா ரெண்டுல ஒன்னு போயிடும்.

சால்டரிங்மன்னன்
அதத்தான் சார் நானும் சொல்ல வந்தேன். டாகிள் ஸ்விட்சே போடலாம். ஈரோட்டு அண்ணே, பாக்ஸ் நானே அடிச்சு கூரியர்ல அனுப்பறேன், மெசேஜ் பண்ணுங்க

மைக்டெஸ்டிங்
மாத்தறப்ப ரெண்டு வால்யூமையும் குறைச்சுட்டு மாத்துங்கண்ணே. வீட்ல சின்னப் பிள்ளைக இருந்தா அந்த ஸ்விட்ச பீரோ மேல வைங்க.

ரெண்டுசேனல்
ஸ்பீக்கர் சிக்னல் நடுவுல 10 ஆம்ப் ஸ்விட்ச் கான்டாக்ட் வந்தா ஒலி கெடும்

நெய்வேலிக்காரன்
உங்க ஆம்புக்குள்ளயே ஸ்பீக்கர் ரிலேன்னு ஒன்னு இருக்கு, அதுவும் கான்டாக்ட் தான் 🙏

வெங்காயபஜ்ஜி
சரி டிவி பக்கம் ஒன்னு சொல்லிடறேன், இத யாரும் தொடல. ஏஆர்சி போதும் ப்ரோ. ஓடிடில வர்றது டால்பி டிஜிட்டல் பிளஸ்ங்கற ஒலி வடிவம், அது ஏஆர்சிலயே போகும். ப்ளூரேல வர்ற ட்ரூஎச்டிக்கு தான் ஏஆர்சியோட அடுத்த பதிப்பான இஏஆர்சி வேணும், அதுக்கும் ப்ளேயர நேரா ரிசீவர்ல சொருகிட்டா டிவி என்னன்னு கவலையில்ல. டிவி செட்டிங்ஸ்ல சிஇசி (டிவியும் ரிசீவரும் ஹெச்டிஎம்ஐ வழியா பேசிக்கறது) ஆன், டிஜிட்டல் ஆடியோ அவுட் பாஸ்-த்ரூ, இல்லைனா ஆட்டோ. பிசிஎம்ல விட்டுட்டீங்கன்னா ரெண்டு சேனல் தான் வரும், அப்புறம் சர்ரவுண்ட் ஓடலன்னு இன்னொரு இழை போடுவீங்க. ஆப்டிகல் கேபிள் வேணாம், அதுல பிளஸ் போகாது, சாதா 5.1 தான்.

காச எங்க போடறதுன்னா, தமிழ்ப் படத்துக்கு முதல்ல சென்டர். பின்னணி இசை போற போக்குல வசனம் அமுங்கிடும், சென்டர் நல்லா இருந்தா அதோட சத்தத்த மட்டும் ரெண்டு டெசிபல் ஏத்திக்கலாம். அடுத்து சப்வூஃபர். சர்ரவுண்ட் ரெண்டும் கடைசியா, சின்னதா இருந்தாலும் போதும். 7.2 வாங்கினாலும் 12க்கு 18ல சோபா சுவரோட ஒட்டித்தான் இருக்கும், பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர எங்க வெப்பீங்க.

கேஆர்எஸ்
ரிசீவர்ல ஃப்ரன்ட் ஸ்பீக்கர "ஸ்மால்"னு வெச்சு கிராஸோவர் (கீழ் பேஸ் பிரியற இடம்) 80 ஹெர்ட்ஸ். ஆளுயர ஸ்பீக்கரப் பாத்துட்டு "லார்ஜ்"னு போட ஆசை வரும், வேண்டாம். கீழ் பேஸ் சப்வூஃபருக்குப் போனா ரிசீவருக்கு பாதி வேலை மிச்சம்.

ஒலிப்பித்தன்
லார்ஜ் போட்டு, ஃப்ரன்ட்லயும் சப்வூஃபர்லயும் பேஸ் வர்ற மாதிரி டபுள் பேஸ் வெக்கறவங்களும் இருக்காங்க. எல்லாத்தையும் 80னு மனப்பாடம் பண்றதும் ஒரு வியாதி.

ஈரோட்டுப்பையன்
ரிசீவர் எடுத்தாச்சுங்க, 5.1 தான். சென்டரும் சப்வூஃபரும் எடுத்தேன், சர்ரவுண்ட் தீபாவளி போனஸ்ல. ஸ்விட்ச் பாக்ஸ் இங்கயே எலக்ட்ரீசியன் ஒருத்தர் போட்டுக் குடுத்தார். பாஸ்-த்ரூ மாத்துனதும் வசனம் தெளிவா வருது. எல்லாத்துக்கும் நன்றிங்க.

வெங்காயபஜ்ஜி
சூப்பர். எந்த மாடல் எடுத்தீங்க?

சால்டரிங்மன்னன்
பாக்ஸ் நான் அடிச்சுத் தர்றேன்னேனேண்ணே 😔

ரெண்டுசேனல்
பாட்டு மாமா ஆம்ப்ல தான கேக்கறீங்க? அத மட்டும் சொல்லுங்க.

வெங்காயபஜ்ஜி
ஒரு மாசம் ஆச்சு. மாடல் என்ன ப்ரோ, தேடி வர்றவங்களுக்கு உதவும்.

ஒலிப்பித்தன்
வர மாட்டாரு.

சால்டரிங்மன்னன்
கேஆர்எஸ் சார், 4440 ரெண்ட பிரிட்ஜ் பண்ணி பேரலல் போட்டா 40 வாட் வருமா?

கேஆர்எஸ்
வராது தம்பி. புது இழை போடுங்க, சர்க்யூட்ட வரைஞ்சு காட்டுங்க, பேசுவோம்.